உடலின் வடிகால்

காலையில் தளர்வாக இருந்த செருப்பு, மாலையில் காலைக் கவ்விப் பிடிக்கிறது. காலுறையைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி அதன் வரி பள்ளமாகப் பதிந்திருக்கிறது. கரும்பலகையின் முன்னால் நாள் முழுவதும் நிற்கும் ஆசிரியர்களுக்கும், பேருந்து நடத்துநர்களுக்கும், துணிக்கடையில் உட்கார இடமின்றி நிற்கும் பெண்களுக்கும் இது பழகிப்போன ஒன்று. இரவு படுத்துறங்கிக் காலையில் எழுந்தால் வீக்கத்தைக் காணோம். செருப்பு மறுபடியும் தளர்வாகிவிடுகிறது.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. பகலில் காலில் சேர்ந்த நீர் எங்கிருந்து வந்தது? இரவில் அது எங்கே போயிற்று?

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இக்கேள்விகளுக்கான விடை, குழாய், அழுத்தம், வால்வு என்று என் பாடத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் வாழ்ந்த என் பெரியம்மாவுக்கு யானைக்கால் இருந்தது. அந்தக் காலுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாக அறிந்திருக்கவில்லை. அதை அறிய முற்பட்டதன் பயனே இக்கட்டுரை.

வாய்க்காலும் வடிகாலும்

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வயலுக்கு நீர் கொண்டுவரும் பாசன வாய்க்கால் மட்டும் இருந்தால் போதாது. மிகுந்த நீரை வெளியேற்ற வடிகால் வாய்க்காலும் வேண்டும். வடிகால் தூர்ந்துபோனால் பயிர் நீரில் நின்றே அழுகிவிடும்.

நம் உடலும் இத்தகைய வயல்தான். இதயத்திலிருந்து புறப்படும் தமனிகள் கிளை பிரிந்து, கிளை பிரிந்து, இறுதியில் மயிரிழையைவிட நுண்ணிய தந்துகிகளாகின்றன. தந்துகியின் சுவர் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆனது. அதன் வழியே நீரும், உப்புகளும், சர்க்கரையும், ஓரளவு புரதமும் கசிந்து உயிரணுக்களுக்கு இடையே உள்ள வெளிக்குச் செல்கின்றன. இந்தக் கசிவு குறையன்று. இது நிகழாவிட்டால் உயிரணுக்களுக்கு உணவே கிடைக்காது.

கசிவுக்குக் காரணம் என்ன? 1896-ஆம் ஆண்டில் ஆங்கில உடலியல் அறிஞர் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் இதற்கு விளக்கம் தந்தார். தந்துகிக்குள் இருக்கும் இரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் உள்ள புரதங்கள் சவ்வூடு பரவலின் காரணமாக நீரை உள்ளே இழுக்கின்றன. இந்த இழுப்பு ஏறத்தாழ 25 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குச் சமம். தள்ளும் விசையும் இழுக்கும் விசையும் ஒன்றையொன்று எதிர்க்க, எஞ்சிய வேறுபாட்டுக்கு ஏற்ப நீர் கசிகிறது.

வெளியே கசிந்த நீரில் பெரும்பகுதி தந்துகியின் மறுமுனையிலேயே இரத்தத்துக்குள் திரும்பிவிடுகிறது என்றும், மீதமுள்ள சிறு பகுதியே வேறு வழியாகச் செல்கிறது என்றும் பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. தந்துகியின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய பூச்சைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் இக்கருத்தைத் திருத்தியுள்ளன. பெரும்பாலான திசுக்களில் வெளியே கசிந்த நீர், வந்த வழியே திரும்புவதில்லை. அது தனியான ஒரு வடிகாலின் வழியாகவே திரும்புகிறது என்பதே இன்றைய முடிவு.

அந்த வடிகாலே நிணநீர் மண்டலம். இடைவெளியில் கிடக்கும் நீர் அதன் குழாய்க்குள் நுழைந்த பிறகு நிணநீர் எனப் பெயர் பெறுகிறது.

இது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு கணக்கு. நம் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறத்தாழ 3 லிட்டர். நாளொன்றுக்குத் தந்துகிகளிலிருந்து கசிந்து வெளியேறும் நீர் ஏறத்தாழ 8 லிட்டர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி முழுவதும் ஒவ்வொரு 9 மணி நேரத்துக்கும் ஒருமுறை வெளியே போய்த் திரும்பி வருகிறது. நீரோடு கசியும் புரதமும் இவ்வழியாகவே திரும்பியாக வேண்டும். இந்த வடிகால் முற்றிலும் அடைபட்டால் ஒரு நாளுக்குமேல் உயிர் தாங்காது என்று உடலியலார் கூறுவர்.

நாயின் வயிற்றில் கண்ட வெண்ணிறக் கோடுகள்

இத்துணை இன்றியமையாத மண்டலம் நெடுங்காலம் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம், அதன் குழாய்கள் மிக மெல்லியவை. உள்ளே ஓடும் நீரும் நிறமற்றது. 1622-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், இத்தாலியில் காஸ்பாரோ அசெல்லி என்ற மருத்துவர் ஒரு நாயை அறுத்து நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற நூல்கள் போன்ற கோடுகள் ஓடுவதைக் கண்டார். நரம்புகளோ என்று முதலில் எண்ணினார். ஒன்றைக் கத்தியால் கீறினார். பால் போன்ற நீர் வெளிவந்தது. பின்னர் வேறொரு நாயை அறுத்தபோது அக்கோடுகளைக் காணவில்லை. காரணத்தை ஆராய்ந்தார். முதல் நாய் நன்றாக உண்டிருந்தது. இரண்டாவது நாய் பட்டினி.

நாம் உண்ணும் கொழுப்பு, சர்க்கரையைப் போல நேரே இரத்தத்துக்குள் செல்வதில்லை. குடலிலுள்ள நிணநீர்க் குழாய்களில் நுழைந்தே செல்கிறது. அதனால்தான் உணவுக்குப் பின் அக்குழாய்கள் பால்போல் வெளுத்துத் தோன்றுகின்றன.

அசெல்லி இக்குழாய்கள் ஈரலுக்குச் செல்வதாகக் கருதினார். அது தவறு என்று 1651-இல் பிரெஞ்சுக்காரரான ஜான் பெக்கே காட்டினார். குழாய்கள் வயிற்றின் பின்புறம் ஒரு சிறு பையில் கூடி, மார்பு வழியாக மேலேறி, கழுத்தடியில் சிரையில் கலக்கின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அடுத்த இரண்டாண்டுகளில் டென்மார்க்கின் பார்த்தோலினும் சுவீடனின் ருட்பெக்கும் இவை குடலில் மட்டுமன்றி உடலின் பிற பகுதிகளிலும் உள்ளன என்று நிறுவினர். யார் முதல்வர் என்று இருவருக்குமிடையே பெரும் பூசல் நடந்தது.

ஆய்வு இன்னும் முடிந்துவிடவில்லை. மூளைக்கு நிணநீர்க் குழாய்கள் இல்லை என்று நூல்கள் எழுதி வந்தன. 2015-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் தனித்தனியே ஆய்ந்தவர்கள், எலிகளின் மூளையைப் போர்த்தியுள்ள உறையில் அக்குழாய்களைக் கண்டனர். பின்னர் மனிதரிடமும் அவை காணப்பட்டன.

இதயம் இல்லாத ஓட்டம்

இரத்தத்தைச் செலுத்த இதயம் இருக்கிறது. நிணநீரைச் செலுத்துவது எது? மனிதனுக்கு நிணநீர் இதயம் என்று ஒன்று கிடையாது. தவளைக்கு உண்டு, நமக்கு இல்லை. ஆனால் கால் விரல் நுனியில் சேரும் நீர் கழுத்தடி வரை ஏறியாக வேண்டும்.

இது எத்தனை கடினமான வேலை என்பதைப் பள்ளி மாணவனும் கணக்கிடலாம். திரவத் தம்பம் ஒன்றின் அடியில் ஏற்படும் அழுத்தம், உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். நிற்கும் மனிதனின் இதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே உயரம் 1.2 மீட்டர் என்று கொள்வோம். இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,060 கிலோகிராம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. பெருக்கினால் ஏறத்தாழ 12,500 பாஸ்கல் வருகிறது. இது 93 மி.மீ. பாதரச அழுத்தம். புரதங்கள் நீரை உள்ளிழுக்கும் விசை 25 மி.மீ. அளவே என்று முன்னர்க் கண்டோம். அசையாமல் நிற்கிறவனின் பாதத்தில் நீர் ஏன் கசிந்து தேங்குகிறது என்பது இப்போது விளங்கும். படுத்துவிட்டால் உயர வேறுபாடு ஏறத்தாழ இல்லாமற் போகிறது, கசிவு குறைகிறது, தேங்கிய நீரை வடிகால் மெல்ல வாங்கிக்கொள்கிறது. முதலில் எழுப்பிய இரு கேள்விகளுக்கும் இதுவே விடை.

நிணநீர் அடர்த்தியில் இரத்தத்தைவிடச் சற்றே குறைந்தது. எனவே காலிலிருந்து கழுத்துவரை ஒரே தொடர்ச்சியான தம்பமாக அது நின்றால், அடியில் உள்ள மெல்லிய குழாய்கள் அந்தப் பளுவைத் தாங்க மாட்டா. இயற்கை இதற்கு ஓர் எளிய உபாயம் செய்திருக்கிறது.

கிணறு வெட்டும்போது மண் வெளியேறும் விதத்தைப் பாருங்கள். அடியில் இருப்பவர் மண் சட்டியை ஒரே மூச்சில் கரைக்கு எறிவதில்லை. படிக்கு ஒருவராக நின்று கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரும் தூக்குவது ஓரிரு அடி உயரமே. நிணநீர்க் குழாயும் அப்படித்தான். சில மில்லிமீட்டருக்கு ஒரு வால்வு வீதம் அது சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அறையின் சுவரிலும் தசை உண்டு. அறை நிரம்பியதும் தசை சுருங்குகிறது, நீர் மேல் அறைக்குப் போகிறது, வால்வு மூடிக்கொள்கிறது, கீழே இறங்க வழியில்லை. நிமிடத்துக்குச் சில தடவை இச்சுருக்கம் நிகழ்கிறது.

குழாயின் தொடக்க முனையும் வியப்புக்குரியது. அங்கே உயிரணுக்கள் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படிய அமைந்துள்ளன. நுண்ணிய இழைகள் அவ்விளிம்புகளைச் சுற்றியுள்ள திசுவோடு கட்டியிருக்கின்றன. திசுவில் நீர் மிகுந்து உப்பினால் இழைகள் இழுபடுகின்றன. விளிம்புகள் கதவுபோல் உட்புறம் திறக்கின்றன. உள்ளே அழுத்தம் கூடினால் தாமே மூடிக்கொள்கின்றன. எங்கே நீர் மிகுந்ததோ அங்கே கதவு திறக்கிறது.

இவற்றோடு வெளியிலிருந்தும் உதவி வருகிறது. நடக்கும்போது ஆடுசதை சுருங்கி விரிந்து, அருகிலுள்ள நிணநீர்க் குழாய்களையும் சிரைகளையும் பிழிகிறது. வால்வுகள் இருப்பதால் பிழிந்த நீர் மேல்நோக்கி மட்டுமே போக முடியும். அசையாமல் நிற்கும்போது கணுக்காற் சிரையில் 90 மி.மீ. அளவில் இருக்கும் அழுத்தம், நடக்கும்போது 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. மூச்சை ஆழ்ந்து இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது. மார்பினுள் அழுத்தம் குறைந்து வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. வயிற்றின் பின்புறப் பையிலுள்ள நிணநீர் மார்பை நோக்கி உறிஞ்சப்படுகிறது.

ஆக, இதயம் நம்மைக் கேட்காமலே இயங்கும் பம்பு. நிணநீரின் பம்போ பாதி நம் கையில், அல்லது காலில், இருக்கிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவன எல்லாம் எளிதாக விளங்கும்.

நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்திப் புண்ணானால் இரண்டு மூன்று நாளில் தொடையிடுக்கில் வலியுள்ள கட்டி ஒன்று தோன்றுகிறது. ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று நம் பாட்டிமார் சொல்வர். புண் காலில் இருக்க, கட்டி ஏன் இடுக்கில் வரவேண்டும்?

நிணநீர் நேரே இரத்தத்தில் கலப்பதில்லை. வழியில் அவரை விதை அளவுள்ள முடிச்சுகளின் ஊடாகப் போக வேண்டும். உடலில் இத்தகைய முடிச்சுகள் ஏறத்தாழ 600 உண்டு. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, வயிறு ஆகிய இடங்களில் இவை கூட்டமாக உள்ளன. ஒவ்வொரு முடிச்சும் ஒரு சோதனைச் சாவடி. அங்கே வெள்ளணுக்கள் காத்திருக்கின்றன. பாதத்தில் நுழைந்த கிருமி நிணநீரோடு மேலேறி இடுக்கிலுள்ள சாவடிக்கு வருகிறது; அதை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே பெருகுகின்றன; முடிச்சு வீங்குகிறது. நெறி கட்டுவது உடல் தோற்பதன் அடையாளமன்று. அது போரிடுவதன் அடையாளம். புண் ஆறினால் நெறியும் அடங்கிவிடும்.

ஆனால் எல்லா முடிச்சு வீக்கமும் இத்தகையதன்று. வலியே இல்லாமல் கெட்டியாக வளர்ந்துகொண்டே போகும் கட்டி, காறை எலும்புக்கு மேலே தோன்றும் கட்டி, சில வாரங்களாகியும் அடங்காத கட்டி, இளைப்பும் இரவு வியர்வையும் விட்டு விட்டு வரும் காய்ச்சலும் சேர்ந்த கட்டி ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. கழுத்தில் வரிசையாகத் தோன்றும் கட்டிகளை நம் முன்னோர் ‘கண்டமாலை’ என்றனர். அதற்குப் பெரும்பாலும் காசநோயே காரணம். இன்று அதற்கு நல்ல மருந்து உண்டு.

வால்வு பழுதானால்

ஊர்ப் பொது அடிகுழாயை யாவரும் அறிவோம். உள்ளே தோல் வாஷர் தேய்ந்துவிட்டால் எத்தனை முறை அடித்தாலும் நீர் மேலே வராது. ஏறிய நீர் அப்படியே கீழே வழிந்துவிடும். கைப்பிடியில் குற்றமில்லை, கிணற்றில் நீர் இல்லாமலும் இல்லை. வால்வு பழுது, அவ்வளவே.

என் பெரியம்மாவின் காலில் நிகழ்ந்தது இதுதான்.

யானைக்கால் நோயை உண்டாக்குவது நூல் போன்ற ஒரு புழு. இந்தியாவில் இதைப் பரப்புவது பெரும்பாலும் சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு. கொசு கடிக்கும்போது தோலில் இறங்கும் இளம்புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள் புகுந்து அங்கேயே வளர்கின்றன. பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளம் வரை வளரும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருந்து கோடிக்கணக்கில் குஞ்சுகளை ஈனும். அக்குஞ்சுகள் இரத்தத்தில் கலந்து, பகலில் நுரையீரலின் நாளங்களில் ஒதுங்கி, இரவில் வெளிப்பரப்பு இரத்தத்துக்கு வருகின்றன. அந்த வகைக் கொசு கடிப்பதும் இரவில்தான். நான் சிறுவனாக இருந்தபோது, சாப்பிட்டுப் படுக்கப் போகும் வேளையில் சுகாதாரப் பணியாளர்கள் விளக்கோடு வந்து விரல் நுனியில் இரத்தம் எடுப்பார்கள். பகலில் வராமல் ஏன் இந்நேரத்தில் வருகிறார்கள் என்று ஊரே முணுமுணுக்கும். காரணம் இதுவே.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. 1872-இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் மனித இரத்தத்தில் இக்குஞ்சுகள் இருப்பதைக் கண்டார். 1877-இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். ஆனால் கொசு நீரில் விழுந்து இறக்க, அந்நீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று அவர் எண்ணினார். கொசுவின் உறிஞ்சு குழலிலேயே இளம்புழு இருப்பதை 1900-இல் ஜார்ஜ் லோ காட்டிய பிறகே கடியின் வழியே நோய் பரவுவது உறுதியாயிற்று.

புழு குழாயை அடைத்துவிடுவதால் கால் வீங்குகிறது என்று முன்னர்க் கருதினர். உண்மை சற்று வேறானது. புழுக்கள் கூடு கட்டிய இடத்தில் குழாய் மெல்ல மெல்ல அகன்றுவிடுகிறது. குழாய் அகன்றால் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாது. மூட வேண்டிய வால்வு மூடாது. கைமாற்றிக் கைமாற்றி மேலே போன சட்டி, இடையில் ஆளில்லாமல் கீழே விழுகிறது. சிறு சிறு அறைகளாகப் பிரிந்திருந்த நீர் நீண்ட தம்பமாகிக் காலின்மேல் அழுத்துகிறது. புரதம் மிகுந்த நீர் திசுவில் தேங்குகிறது. தேங்கிய நீர் கிருமிகளுக்கு நல்ல விளைநிலம்.

நோயாளியை வாட்டுவது வீக்கத்தைவிட, அடிக்கடி வரும் குளிர் காய்ச்சலே. கால் சிவந்து, நெருப்பாய்க் காய்ந்து, இடுக்கில் நெறி கட்டி, மூன்று நான்கு நாள் எழ முடியாமல் கிடத்திவிடும். பெரியம்மாவுக்கு ஆண்டில் ஐந்தாறு முறை இது வரும். அமாவாசைக் காய்ச்சல் என்று சொல்லிச் சுருண்டு படுத்துக்கொள்வார். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பிறகு கால் முன்னைவிடச் சற்றுப் பருத்திருக்கும். திருமண வீடுகளில் பின் வரிசையில், சேலையைத் தரை வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பந்திக்கு எழுந்து போக மாட்டார்.

அந்தக் காய்ச்சல் அமாவாசையால் வருவதன்று. பெரும்பாலும் புழுவால் வருவதும் அன்று. கால் விரல்களின் இடுக்கில் ஈரத்தால் வெடித்த தோலின் வழியே நுழையும் சாதாரணப் பாக்டீரியாக்களால் வருவது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரையர் என்ற மருத்துவரும் பிறரும் இதை வலியுறுத்தினர். அவர்கள் நோயாளிகளுக்குக் கற்பித்த மருத்துவம் சோப்பும் நீரும்தான். நாள்தோறும் காலைச் சோப்பிட்டுக் கழுவுவது, விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துவது, வெடிப்புக்கு உரிய களிம்பு போடுவது, உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைப்பது, கணுக்காலை அசைப்பது, பொருத்தமான செருப்பு அணிவது. இவற்றால் காய்ச்சல் வெகுவாகக் குறைகிறது.

பெரியம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அரசு ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதற்குப் பின் காய்ச்சல் ஆண்டுக்கு ஒன்றாகி, சில ஆண்டுகள் வராமலே இருந்தது. கால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஆனால் பேரன் திருமணத்தில் முன் வரிசையில் அமர்ந்தார்; பந்தியில் நின்று பரிமாறவும் செய்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு வாளி நீரும் ஒரு சோப்பும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

நோய் வராமலே தடுக்கவும் முடியும். இந்தியாவில் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் தொடங்கியது. நோய் பரவும் மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாருக்கும் மாத்திரை வழங்கும் திட்டம் 2004 முதல் நாடு தழுவி நடந்தது. இரத்தத்திலுள்ள குஞ்சுகளை ஒழித்துவிட்டால் கொசு கடித்தாலும் எடுத்துச் செல்ல ஒன்றும் இராது என்பதே இதன் தத்துவம். ஆகவே நோயில்லை என்று எண்ணுகிறவரும் மாத்திரையை விழுங்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோருக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் அண்டை நாடான இலங்கையில் இந்நோய் ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாமல் ஒழிக்கப்பட்டது என்று உலக நல நிறுவனம் 2016-இல் ஏற்றது. விடாமல் செய்தால் முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அறுவைக்குப் பின் வரும் வீக்கம்

புழுவே இல்லாமலும் இந்த வடிகால் பழுதாகலாம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் நீக்க நேர்வதுண்டு. நோய் பரவும் வழியும் அதுவே என்பதால் அது தேவையாகிறது. சாவடி நீக்கப்பட்டால் பாதையும் அறுபடுகிறது. சிலருக்குச் சில மாதங்களிலோ, சில ஆண்டுகள் கழித்தோ கை வீங்கத் தொடங்குகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையும் இதற்கு ஒரு காரணமாகலாம். முதலில் சென்று சேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்து, அவற்றில் நோயில்லையெனில் மற்றவற்றை விட்டுவிடும் முறை வந்த பிறகு இத்தகைய வீக்கம் குறைந்திருக்கிறது.

அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்று முன்பு அறிவுரை கூறி வந்தனர். அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்சும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தனர். கை வீக்கமுள்ள பெண்கள் மேற்பார்வையில் மிகச் சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாக எடை தூக்கிப் பழகினர். வீக்கம் கூடவில்லை, கை வலுப்பெற்றது, வீக்கம் திடீரென முற்றும் நிகழ்ச்சிகளும் குறைந்தன. 2009-இல் வெளியான இம்முடிவு இயற்பியல் மாணவனுக்கு வியப்பளிக்காது. தசையே பம்பு, பம்பை நிறுத்தி வைத்தால் நீர் எப்படி ஏறும்?

நாம் செய்யக்கூடியவை

நிணநீரைச் ‘சுத்தம் செய்யும்’ பானங்கள் என்றும், கழிவை வெளியேற்றும் பொடிகள் என்றும் விளம்பரங்கள் வருகின்றன. நிணநீரை வடிகட்டுவது முடிச்சுகளின் வேலை. கழிவை நீக்குவது சிறுநீரகம், ஈரல் இவற்றின் வேலை. நலமாக உள்ள ஒருவரின் நிணநீர்க் குழாயை எந்தப் பானமும் கழுவிவிடுவதில்லை. வடிகால் வேண்டுவது மருந்தையன்று, அசைவை.

ஆகவே நின்றே வேலை செய்வோர் ஒரே இடத்தில் கல்லாய் நிற்காமல், கால்மணிக்கு ஒருமுறையேனும் குதிகாலை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்துவது நல்லது. நான் வகுப்பில் கரும்பலகைக்கும் கடைசிப் பெஞ்சுக்கும் இடையே நடந்துகொண்டே பாடம் நடத்துகிறேன். தூங்கும் மாணவர்களை எழுப்பவும் அது உதவுகிறது. நெடுந்தூரப் பேருந்துப் பயணத்தில் உட்கார்ந்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் அசைக்கலாம். மாலையில் சிறிது நேரம் காலை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் நடப்பதும், ஆழ்ந்து மூச்சு விடுவதும், உடல் எடை மிகாமல் காப்பதும் இதற்கு உதவும். பாதத்தையும் விரலிடுக்கையும் தூய்மையாக, உலர்வாக வைத்துக்கொள்வது எல்லாருக்கும் பொது. செருப்பின்றி வயலிலும் சேற்றிலும் நடப்பவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும்.

நிணநீர் வீக்கம் வந்துவிட்டவர்களுக்கு, பயிற்சி பெற்றவர் செய்யும் மென்மையான நீவல், அழுத்தக் கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகிய நான்கும் சேர்ந்த சிகிச்சை உண்டு. கிருமித் தொற்றால் சிவந்து காயும் காலை நீவலாகாது. நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவதும் தவறு. அவை நீரைக் குறைக்கும்; தேங்கிய புரதத்தை அகற்றா.

எல்லா வீக்கமும் நிணநீரால் வருவதன்று என்பதையும் மறக்கக் கூடாது. இரு காலும் வீங்கி மூச்சிரைத்தால் இதயத்தையும், முகமும் சேர்ந்து வீங்கினால் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டியிருக்கலாம். ஒரே கால் திடீரென வலியோடு வீங்கினால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரவு படுத்தெழுந்தும் வடியாத வீக்கத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கால் பெருவிரலை அடுத்த விரலின் அடியில் தோலைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள். தோல் தடித்து, கிள்ள வராமல் இருந்தால் அது நிணநீர் வீக்கமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வைத்துவிடலாம். நாள் கடந்து திசு தடித்துவிட்டால் கடினம்.

வயலில் நெல் விளைந்தால் பாசன வாய்க்காலைப் புகழ்வோம். வடிகாலை ஒருவரும் நினைப்பதில்லை. அது தூர்ந்த பிறகே நினைக்கிறோம். இன்று மாலை செருப்பு காலைக் கவ்வினால், சில நிமிடம் நடந்துவிட்டுக் காலை உயர்த்தி உட்காருங்கள். உங்கள் தெருவில் கால் பருத்த ஒருவர் இருந்தால், ஒதுங்கிப் போகாமல் அருகில் சென்று, சோப்பும் நீரும் செய்யும் மருத்துவத்தைச் சொல்லுங்கள். என் பெரியம்மாவுக்குக் காலம் தாழ்ந்து கிடைத்த செய்தி, அவருக்காவது காலத்தில் கிடைக்கட்டும்.